மூன்றாவது வாரத்துத் தாள்

அன்புள்ள குமரேசா,

போன ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியில் உன் வீட்டு ஹாலில் நீ அகிலனைச் சார்ஜர் ஒயரால் அடித்தபோது நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று அடி விழும்வரை எழவில்லை. நான்காவது அடிக்கு நித்யா ஓடிவந்து பிள்ளையை இழுத்ததில் ஒயரின் நுனி அவள் கழுத்தில் பட்டது. எட்டு வயதுப் பையன். செய்த குற்றம், உன் லேப்டாப்பின் மேல் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தது. "தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா, தெரியாமப் பண்ணிட்டேன்ப்பா" என்று கத்தினான். சின்ன வயதில் நீயும் இதே குரலில் இதே வார்த்தையைத்தான் கத்துவாய். அப்போது என் கை சோபாவின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. உன்னைத் தடுக்க எழுவதற்காக அது அப்படிப் பிடித்திருந்தது என்று எழுத ஆசைதான். அப்படியில்லை கண்ணு. நீ ஒயரை ஓங்கும்போதெல்லாம் என் தோளும் கூடவே தூக்கிக்கொண்டது. அந்த வீச்சு என் தோளுக்குப் பழக்கம். உண்மையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்பதால் இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதன்பிறகு நீ கீழே போய் காரில் உட்கார்ந்துகொண்டாய். பின்னாலேயே வந்தேன். டிரைவர் சீட்டில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்தி உட்கார்ந்திருந்தாய். "கைய வெளிய உட்டா என்ன பண்ணிப்போடுவேன்னு எனக்கே தெரியலீங்கப்பா" என்றாய். ஒன்பது வயதிலிருந்து நீ அப்படி உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வராண்டாவில், கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போடும்வரை, பெண் பார்க்கப் போன அன்று நித்யா வீட்டு நாற்காலியில். பையனுக்குக் கூச்சம் என்று அன்றைக்கு அவர்களிடம் சொன்னேன். கூச்சம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நான் மேலே வந்தேன். தண்ணீர் குடிக்கப் போனபோது ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் செருகியிருந்த தாளைப் படித்தேன். படித்தது தப்புதான். அகிலனுக்குக் கவனம் நிற்காத கோளாறு என்று சொன்ன டாக்டர் கொடுத்தனுப்பிய படிவம். ஓரிடத்தில், குடும்பத்தில் வேறு யாராவது இந்த வகை மாத்திரை எடுத்ததுண்டா, எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்டிருந்தது. அதன் கீழே உன் கையெழுத்தில் ஐந்து வரி. எனக்கு ஒன்பது வயதில் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் எனக்கு வெறி பிடித்தது. அம்மாவைத் தள்ளிவிட்டுக் கையை உடைத்தேன். அதோடு நிறுத்திவிட்டார்கள். என் மகனுக்கு இந்த மாத்திரை வேண்டாம்.

இதில் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் பொய் குமரேசா. அந்தப் பொய்யை உன் வாயில் போட்டவன் நான்.

அன்று கூட வந்திருந்த உன் அம்மாவும் நானும் டவுன் பஸ்ஸில் திரும்பினோம். கணபதியில் இறங்கி வீட்டுச் சந்தில் திரும்பியதும் நின்றாள். "ஏனுங்க, நானும் அந்தத் தாளப் படிச்சேனுங்க. நீங்க எழுதிச் சொல்றீங்களா, இல்ல நானே போயிச் சொல்லட்டுங்களா? புதன்கெழம வரைக்கும் பாப்பேனுங்க" என்றாள். வியாழக்கிழமை அகிலனை டாக்டரிடம் கூட்டிப் போகிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும். நம் ஊர் மரியாதையைப் பார், கழுத்தில் கத்தியை வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்போம். இன்றைக்குப் புதன்கிழமை. காலையில் இட்லித் தட்டை என் முன்னால் வைத்தவள் பக்கத்திலேயே பேனாவையும் வைத்துவிட்டுப் போனாள்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நேரில் வந்தால் நான் கத்துவேன், நீ கத்துவாய், கடைசியில் யாராவது ஒரு நாற்காலியைத் தூக்குவோம். நம் இருவருக்கும் பேச்சு எப்படி முடியும் என்று உனக்கே தெரியும்.

உன்னை நான் எவ்வளவு அடித்தேன் என்பது உனக்கு முழுதாக ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு எழுத உட்காரவில்லை என்று கட்டில் காலில் நைலான் கயிற்றால் கட்டிவைத்தேன். நீ இழுத்து இழுத்துக் கணுக்கால் தோல் உரிந்துபோயிற்று. புத்தகப் பையைச் சாக்கடையில் எறிந்தேன், பிறகு அதற்குள் உன்னையே இறக்கி எடுக்க வைத்தேன். மர ஸ்கேல்கள் உடைந்தன. ஸ்கேல் உடைந்ததற்கும் உன்னைத்தான் திட்டினேன். பள்ளியில் உன் வாத்தியார், "இவன ஒரு எடத்துல உக்கார வெச்சுக் காட்டுங்க, நான் மொட்டை போட்டுக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன்னை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் எழுத வேண்டும், வேறு சொல் அதற்கு இல்லை. தெருவில் யாரும் எதுவும் கேட்டதில்லை. அப்பன் அடிக்காமல் யார் அடிப்பார்கள் என்பதுதான் எல்லோர் நினைப்பும்.

உன் அம்மாதான் யாரிடமோ விசாரித்து ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் உன்னைக் கூட்டிப் போனாள். பையன் திமிர் பிடித்தவன் இல்லை, அவன் மூளைக்குக் கவனத்தைப் பிடித்து நிறுத்துவது சிரமம், அதற்கு மாத்திரை இருக்கிறது என்று அவர் சொன்னார். இரண்டாவது முறை நானும் போனேன். அப்போது நான் கேட்ட ஒரே கேள்வி, "இது இவனுக்குக் கேக்குமான்னு மொதல்லயே தெரியுங்களா?" என்பதுதான். அவர் மறைக்காமல் சொன்னார். "தெரியாதுங்க. ரத்தத்துல பாத்தோ ஸ்கேன் எடுத்தோ சொல்ல முடியாதுங்க. நெறையக் கொழந்தைகளுக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது, சிலருக்குப் பசி போயிரும், தூக்கம் போயிரும். கொஞ்சமாக் குடுத்துப் பாத்துத்தான் கண்டுபுடிக்கணும். நான் மாசத்துக்கு ஒருக்கா பாக்கறேன், நீங்க தெனமும் பாக்கறீங்க. அதனால நீங்க எழுதிட்டு வர்றதுதானுங்க எனக்குக் கண்ணு." சொல்லிவிட்டு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தாள்கள் கொடுத்தார். உட்காருகிறானா, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, கோபப்படுகிறானா என்று கட்டம் கட்டமாக இருந்தது. வார முடிவில் நிரப்ப வேண்டும்.

எனக்கு அந்தப் பேச்சு நன்றாகப் புரிந்தது. நான் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். போர்வெல் குழியில் இறக்கும் பம்ப் மோட்டார்களை டெஸ்டிங் பெஞ்சில் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, எவ்வளவு கரன்ட் இழுக்கிறது, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. நான் பொய்யாக ஓகே போட்டால் எங்கோ ஒரு தோட்டத்துக்காரர் அதை நானூறு அடி ஆழத்தில் இறக்கிவிட்டுத் தலையில் கை வைத்து உட்காருவார். அதனால் முதலாளியே வந்து தோளில் கை போட்டுக் கேட்டாலும் பொய் ரீடிங் எழுதமாட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை. ரிட்டயர் ஆன அன்று மேடையில் அதைத்தான் சொல்லி மாலை போட்டார்கள். நீ முன் வரிசையில் கை தட்டினாய்.

முதல் இரண்டு வாரத் தாள்களை உன் அம்மா நிரப்பினாள். இப்போது என் முன்னால் இருக்கின்றன, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாளாம். முதல் வாரம்: மதியச் சாப்பாடு பாதி மிச்சம், தூங்கத் தாமதம். இரண்டாவது வாரம்: வீட்டுப்பாடம் நாலு நாள் தானாக முடித்தான், கணக்கு நோட்டில் கிழிசல் இல்லை, டீச்சர் கூப்பிட்டு என்ன ஆச்சு உங்கள் பையனுக்கு என்று சந்தோஷமாகக் கேட்டார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் சிணுங்குகிறான், எதற்கெடுத்தாலும் அழுகை, ஏதாவது சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டால் சரியாகிவிடுகிறான். மாத்திரையின் வேகம் இறங்குகிற நேரம் அது, அப்போது பையனைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நான் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைகிற நேரம் அஞ்சேகால். உன்னுடைய நல்ல பகல் எதையும் நான் பார்க்கவில்லை. இறங்குகிற அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் தினமும் பார்த்தேன். வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது ஓட்டினால் நல்ல மோட்டாரும் சூடாகும், அந்த ரீடிங்கை எழுதவே கூடாது என்று பெஞ்சில் புதுப் பையன்களுக்குக் கத்திக் கத்திச் சொன்னவன் நான்தான். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை. கம்பெனியின் டாங் டெஸ்டரை, ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரன்ட் பார்க்கிற அந்த மீட்டரை, வீட்டுக்கு எடுத்து வந்து வைத்திருந்தேன். முள் சிக்கிக்கொண்டிருந்தது. நான் வந்தபோது நீ அதைத் தரையில் பிரித்துப் போட்டிருந்தாய். செய்தித்தாள் விரித்து, ஸ்க்ரூக்களைச் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எந்த ஓட்டையைச் சேர்ந்தது என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். மூன்று வாரத்துக்கு முன்னால் நீ எதையாவது பிரித்தால் பாதி ஸ்க்ரூ கட்டிலுக்கடியில் கிடக்கும். மாத்திரை உனக்கு ஒத்துக்கொண்டதற்கு அந்தச் செய்தித்தாளைவிடப் பெரிய அத்தாட்சி தேவையில்லை. பார்த்தேன் கண்ணு, கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுக் காலால் உதைத்தேன். ஸ்க்ரூ எல்லாம் சுவரில் போய்த் தெறித்தன.

நீ அழ ஆரம்பித்தாய். அது அழுகிற நேரம். கதவுக்குப் பின்னால் பழைய கிரைண்டர் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். முதுகில், தொடையில், தடுக்க நீட்டிய கையில். நீ என் புறங்கையைக் கடித்தாய், பல் இறங்கியது, அந்தத் தழும்பு இப்போது பேனா பிடித்திருக்கிற கையில்தான் இருக்கிறது. கடித்ததும் எனக்குக் கண் இருட்டியது. நீ சமையலறைக்குள் ஓடினாய். உன் அம்மா அங்கிருந்து வந்து நடுவில் நின்றாள். நீ அவள் முதுகுக்குப் பின்னால் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். "போதுமுங்க, புள்ள செத்துப்போயிருமுங்க" என்றாள். நான் அவள் தோளில் கை வைத்து என் பலம் மொத்தத்தையும் போட்டுத் தள்ளினேன். அவள் பின்வாசல் படியைத் தாண்டித் துணி துவைக்கும் கல்லில் வலது கையை ஊன்றி விழுந்தாள். நீயும் அவளோடு சேர்ந்து விழுந்தாய். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

ஆட்டோவில் போகும்போது பயம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், போலீஸுக்குச் சொல்வார்கள், கம்பெனியில் தெரியும், உன் மாமன் அரிவாளோடு வந்து நிற்பான். உன் பக்கம் திரும்பி, "நீதாண்டா தள்ளுன" என்றேன். "நான் தள்ளலப்பா" என்றாய், ஒரே ஒருமுறை. உன்னை அறைந்தேன். அதே பொய்யை மறுபடி சொன்னேன். உன் அம்மா வலியில் கண்ணை மூடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "பையன் தள்ளிட்டானுங்க, என்னமோ ஒரு மாத்திரை சாப்புட்டதுலருந்து இப்படித்தானுங்க" என்றேன். அடுத்த மூன்று நாளில் நீயே எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லத் தொடங்கிவிட்டாய், நான்தான் தள்ளினேன் என்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்பன் சொன்னது போதுமாக இருந்தது.

மூன்றாவது வாரத் தாளை உன் அம்மாவால் நிரப்ப முடியவில்லை. எழுதுகிற கையில் மாவுக்கட்டு. நான் நிரப்பினேன். கோபம் என்ற கட்டத்தில் மிக அதிகம். அடிக்கிறானா என்ற கட்டத்தில் ஆம். டாக்டரம்மா மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு வாரம் நல்லா இருக்குதுங்களே, திடீர்னு எப்படிங்க இப்படி?" என்று கேட்டுவிட்டு மாவுக்கட்டைப் பார்த்தார். "ஊட்ல யாராவது அடிக்கறதுண்டுங்களா?" "ஐயோ, இல்லீங்க டாக்டர்" என்றேன், பவ்யமாக. உன் அம்மா தரையைப் பார்த்தாள். நீ நாற்காலியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தாய். முதல் தடவையாக அன்றுதான் அப்படிப் பார்த்தேன். இப்போதைக்கு நிறுத்தலாம், ஒரு மாதம் கழித்து வாருங்கள், அளவைக் குறைத்து மறுபடி பார்க்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறியது, காலேஜில் அரியர், பைக்கில் விழுந்தது, ஒரு வேலையில் ஒட்டாமல் நாலு வேலை மாறியது. எல்லாவற்றுக்கும் உன்னையே திட்டினேன். ரோட்டைக் கடக்கும்போது அம்மா கை நீட்டினால் நீ சட்டைப் பையில் கையை விட்டுக்கொள்வாய். அகிலன் பிறந்து ஒரு மாதம்வரை நீ அவனைத் தூக்கவில்லை. "பயப்படறாருங்க மாமா" என்று நித்யா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

உன் அம்மா ஏன் சும்மா இருந்தாள் என்று அவள்மேல் கோபம் வரும் உனக்கு. வரட்டும், அவள் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறாள். ஆனால் அவளிடம் நான் சொன்னதையும் தெரிந்துகொள். வாயைத் திறந்தால் உன்னை ஹாஸ்டலில் தள்ளிவிடுவேன் என்றேன். அதற்குத்தான் பயந்தாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருவோம். உனக்கு ஒத்துக்கொண்டது அகிலனுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று அன்றைக்கே கேட்டுக்கொண்டேன். அவனுக்குக் கேட்காமலும் போகலாம், பசி கெடலாம், வேறு வழி பார்க்கச் சொல்லலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் மாட்டிக்கொள்வேன் என்று பயந்து நான் எழுதிய பொய்யால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு போகக் கூடாது. தாளை நீ நிரப்பாதே. நித்யா நிரப்பட்டும், பள்ளி டீச்சர் ஒன்று நிரப்பட்டும், அகிலனிடமே எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். எந்த மணிக்குப் பார்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். உனக்குக் கோபம் வருகிற நேரத்தில் வீட்டைவிட்டு இறங்கி நட, அந்த நேரத்து ரீடிங்கை யாரும் எழுதாதீர்கள். அடி இருந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடு. அவமானமாகத்தான் இருக்கும். நான் அன்றைக்கு அந்த அவமானத்தைத் தாங்கியிருந்தால் இந்த ஒயர் உன் கைக்கு வந்திருக்காது.

மூன்று தாள்களையும் இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, ரீடிங் தவறு, எழுதியவன் குற்றம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தவறான ரிப்போர்ட்டை நாங்கள் அப்படித்தான் ரத்து செய்வோம். டாக்டரிடம் அதைக் காட்டு. அவர் கூப்பிட்டால் நானே வந்து எதிரில் உட்கார்ந்து சொல்கிறேன். நீ என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லும் பாரமும் உன் தலையில் விழும், அதனால் அதை எழுதவில்லை.

இதுவரை எழுதியதை உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டாள். அந்தக் கை, உடைந்த எலும்பு கூடியதிலிருந்தே கொஞ்சம் கோணல்தான், அவள் எழுதி நான் பார்த்து வெகு காலம் ஆகிறது. கீழே இருப்பது அவள் எழுத்து.

சாமி, நீ என்னயத் தள்ளல. நான் உளுகறப்ப நீ என்னயப் புடிச்சுட்டு இருந்த.